தயாராகிறது, காத்திருக்கவும்

அம்மாவுக்குப் பச்சை அங்கியை மாட்டி உள்ளே அழைத்துப் போன பிறகுதான் பெர்சி லேப்டாப்பைத் திறந்தாள். அதுவரை திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மகளின் வேலை மேல் பாக்கியமேரி டீச்சருக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவள் மடியில் ஒரு பெட்டியை வைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நல்லாயிருக்கிற கண்ணும் எரியும் என்பது அவர் கட்சி.

கண்புரை ஆபரேஷன்தான். பயப்பட ஒன்றும் இல்லை, காலையில் போனால் சாயங்காலம் வீடு. கூடத்தில் ஊர்ப்பட்ட கூட்டம். சிவகங்கை, பரமக்குடிப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள் சாப்பாட்டுப் பைகளோடு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "இன்னார் கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் பெர்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி திரைக்குள் குனிந்தாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே, 'உங்கள் நுழைவுச்சீட்டு தயாராகிறது, காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தது. நேற்று பெர்சியே யோசித்து எழுதிய வாசகம் அது. 'காத்திரு' என்று போட்டால் மரியாதைக் குறைவு, 'தயவுசெய்து' என்று போட்டால் செல்போன் திரையில் வரி மடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியது.

கோச்சடையில் ஒரு மாடியில் ஐந்து பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி அவளுடையது. முதலாளி முத்துக்குமரன். அவரை அங்கே யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, அண்ணே என்றுதான். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு நர்சிங் படிப்பில் இலவச இடம் கொடுக்கிற ஓர் அறக்கட்டளைக்கு அவர்கள்தான் வெப்சைட் செய்து கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு நுழைவுத் தேர்வு. சிம்மக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடப்பதாக இருந்தது. முந்தாநாள் அந்தப் பள்ளிக்கூடத்தின் மாடிக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்துவிட்டதால் இடத்தை வண்டியூருக்கு, தெப்பக்குளத்தைத் தாண்டி இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். தபாலில் வந்த பழைய ஹால் டிக்கெட் செல்லாது, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புதுசை இறக்கிக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் தகவல் போயிருந்தது. இடம் மாறியிருக்கிற விஷயம் அந்தப் புது டிக்கெட்டில்தான் இருக்கும். அனுமதி வாங்கி வைத்திருந்த மெசேஜில் அதைச் சொல்ல வழியில்லை.

டிக்கெட்டை வெப்சைட் தானாகச் செய்யாது. அதற்கென்று தனியாக ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் போட்டோவையும் எடுத்து, அச்சடிக்கிற தாளாக ஆக்கி ஒரு ஃபோல்டரில் போடுவது அதன் வேலை. சர்வரில் ஓடுகிற புரோகிராம் அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிட்டுவிட்டு, அது முடித்துவிட்டு வரும்வரை நிற்கும். முடிந்த பிறகுதான் டிக்கெட்டுகளை வெளியே விடும். ஆரம்பத்தில் அப்படி நிற்கவில்லை. ஸ்கிரிப்டைக் கிளப்பிவிட்டு அது பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விடும். சோதித்துப் பார்த்தபோது பாதிப் பேருக்குப் போட்டோ இல்லாத டிக்கெட் வந்தது. அதனால்தான், 'இது முடியும்வரை நில்' என்று பெர்சி ஒரு வரி சேர்த்தாள். பத்துப் பேரை வைத்து ஓட்டிப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

இன்றைக்கு ஒன்பது மணிக்குக் கிளப்பியது இன்னும் முடியவில்லை.

ஹெல்ப்லைன் போனையும் அவளே கொண்டு வந்திருந்தாள். அது அடித்தது.

"அக்கா, ஹால் டிக்கெட் வர மாட்டேங்குதுக்கா. சுத்திக்கிட்டே இருக்கு."

"பேரு என்னம்மா?"

"பாண்டிமீனா. மேலக்கால் பக்கத்துலருந்து வந்துருக்கோம். நானும் அப்பாவும் சிம்மக்கல்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல நிக்கிறோம்க்கா."

"கொஞ்சம் இரும்மா. அஞ்சு நிமிசத்துல வந்துரும்."

"சரிக்கா." அந்தப் பிள்ளை யாரிடமோ, "அஞ்சு நிமிசமாம்ப்பா" என்று சொல்வது கேட்டது.

அதற்கப்புறம் இன்னும் யார் யாரோ கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் அதே அஞ்சு நிமிசத்தைத்தான் பெர்சி கொடுத்தாள். இடையில் அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாகிவிட்டது, வரிசையில் இருக்கிறார் என்று நர்ஸ் வந்து சொன்னாள். பெர்சி தலையாட்டினாள். நர்ஸ் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

முத்துக்குமரனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இன்னும் முடியல. நிறுத்திட்டு மறுபடி ஓட்டவா?"

"இம்புட்டு நேரம் ஓடியிருக்கு, இப்பப் போயி நிறுத்துனா முதல்லருந்துல்ல ஆரம்பிக்கணும்? முடியிற நேரமா இருக்கும். விடு, கொஞ்சம் பாப்போம்."

"முடியிற நேரமான்னு எப்படிண்ணே தெரியும்?"

"அதான் பத்துப் பேருக்கு ஓட்டிப் பாத்தோம்ல. மூவாயிரம் பேருக்கு லேட் ஆகத்தான செய்யும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது. ஓடிக்கொண்டிருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று வெளியே நின்று பார்க்கிறவளுக்குத் தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துவது முட்டாள்தனம். செத்துக் கிடந்தால் நிற்பது அதைவிட முட்டாள்தனம். நேரம் போகப் போக நிறுத்துவதற்கு மனசு வரவில்லை. இவ்வளவு நேரம் நின்றது வீணாகப் போகுமே என்றிருந்தது. காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர், "சீட்டு ஆடுதும்மா" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

டிக்கெட்டுகள் விழுகிற ஃபோல்டரைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தாள். ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. பாண்டிமீனாவின் விண்ணப்ப எண் இன்னும் கீழே. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். அதே எண்ணிக்கை. ஒன்றுகூடக் கூடவில்லை.

முத்துக்குமரனைக் கேட்காமலே நிறுத்தினாள். கடைசியாக எந்தப் பிள்ளையிடம் வந்து நின்றது என்று பார்த்தாள். அந்தப் பிள்ளையின் போட்டோ ஏதோ வங்கிப் பாஸ்புக்கிலிருந்து எடுத்த நகலைப்போல மங்கலாக இருந்தது. இதுதான் தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று நினைத்து, அந்த எண்ணைத் தாண்டிப் போகச் சொல்லிவிட்டு மறுபடி கிளப்பினாள். எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. முன்னே நின்ற இடத்தைத் தாண்டி நாலைந்து பிள்ளைகள் போய், மறுபடி நின்றது.

"ச்சீ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

போன் அடித்தது. பாண்டிமீனாவின் நம்பர்தான், ஆனால் இந்தத் தடவை அவள் அப்பா.

"ஏம்மா, அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம்னு எம்புட்டு நேரந்தேன் நிக்கிறது? இங்க கடைக்காரரு அடுத்த ஆளுக்கு எந்திரிக்கச் சொல்றாரு."

"அண்ணே, மன்னிச்சுக்கங்கண்ணே. சர்வர்ல ஒரு சின்னக் கோளாறு, பாத்துக்கிட்டு இருக்கோம். இன்னும் கொஞ்சம்..."

"சரி சரி. பள்ளிக்கூடம் இங்கன பக்கத்துலதேன் இருக்கு. அங்க போயி நேர்லயே கேட்டுக்கிறோம்." வைத்துவிட்டார்.

பெர்சி போனைக் கீழே வைத்து மறுபடி திரையில் கண்ணை வைத்த பிறகுதான் அந்தப் பேச்சு மண்டையில் ஏறியது. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதாமே. சிம்மக்கல்லில் இன்றைக்கு ஏது பரீட்சை? இடம் மாறியது அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிவிக்கிற ஒரே தாள் இவள் சர்வரில் சிக்கிக் கிடக்கிறது. காலையிலிருந்து எத்தனை பேர் கூப்பிட்டார்கள், ஒருத்தரிடமாவது, 'வண்டியூருக்குப் போங்க' என்று சொன்னாளா? டிக்கெட் வந்தால் அதில் இருக்கும் என்று டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

உடனே அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை.

முத்துக்குமரனைக் கூப்பிட்டாள். "அண்ணே, எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட முடியுமா? சென்டர் வண்டியூர்னு?"

"புது வாசகத்துல மெசேஜ் போகணும்னா முதல்ல அதுக்குப் போன் கம்பெனியில அனுமதி வாங்கணும். இன்னைக்கு நடக்காது."

"அப்ப சைட்லயாவது போடுவோம். அந்தச் சுத்துற வட்டத்துக்குக் கீழ."

"டிரஸ்ட்ல ஒரு வார்த்தை கேக்காம எப்படிப் போடுறது? செகரட்டரி போனையே எடுக்க மாட்டேங்குறாரு. கொஞ்சம் பொறு, நான் மறுபடி..."

"பொறுத்தது போதும்ண்ணே. போடப் போறேன்."

பெர்சி அவர் பதிலுக்கு நிற்கவில்லை. தான் பார்த்துப் பார்த்து எழுதிய வாசகத்தை அழித்துவிட்டு, 'தேர்வு வண்டியூரில் நடக்கிறது. சிம்மக்கல் போக வேண்டாம். ஆதார் அட்டையுடன் நேராக வண்டியூர் வரவும்' என்று எழுதி, பள்ளியின் பெயரையும் வழியையும் சேர்த்துப் போட்டாள். ஆனால் பழைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் மறுபடி திறந்து பார்த்தால்தான் உண்டு. அவர்களுக்குக் காத்திருக்கச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான்.

இப்போது கோபம் வந்தது. நல்லதுக்குத்தான் வந்தது. சர்வரில் அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தாள். மூவாயிரம் தாளைச் செய்கிற ஸ்கிரிப்டுக்கு மூச்சு முட்ட வேண்டும். இதுவோ ஒரு வேலையும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தது. எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தது. எதற்கு? இவள் புரோகிராம் ஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்கிறது, சரி. ஸ்கிரிப்ட் யாருக்காகக் காத்திருக்கிறது?

புரோகிராமை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சர்வருக்குள் நுழைந்து ஸ்கிரிப்டைத் தன் கையாலேயே தனியாக ஓட்டினாள். ஓடியது. திரை முழுக்க எழுத்து மழையாகக் கொட்டியது. 'போட்டோ அளவு சிறியது', 'போட்டோ அளவு சிறியது' என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புலம்பல். புலம்பிக்கொண்டே டிக்கெட்டைச் செய்து தள்ளியது. முன்னே நின்ற இடத்தைத் தாண்டியது, இரண்டாயிரத்தைத் தாண்டியது, முடிந்தே போய்விட்டது. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை, அழுகைதான் வந்தது.

விஷயம் அதுதான். ஸ்கிரிப்ட் புலம்புவதெல்லாம் ஒரு குழாய் வழியாகப் புரோகிராமுக்கு வந்து சேரும். புரோகிராமோ, நீ முதலில் வேலையை முடி, அப்புறம் நான் குழாயைத் திறக்கிறேன் என்று நிற்கிறது. பத்துப் பேருடைய புலம்பலுக்குக் குழாயில் இடம் இருந்தது. மூவாயிரம் பேருடையதற்கு இல்லை. குழாய் நிரம்பியதும், திறந்துவிட்டால்தான் மேற்கொண்டு செய்வேன் என்று ஸ்கிரிப்டும் நின்றுவிட்டது. இவள் பார்க்காமல் இருந்திருந்தால் ரெண்டும் நாளைக் காலை வரை அப்படியே நின்றிருக்கும். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, அந்த ஒரு வரியை எழுதியவளைத் தவிர.

டிக்கெட்டுகளை வெளியே விட்டாள். ஒருத்தர் ஒருத்தராக இறக்கத் தொடங்கினார்கள். நூறு, இருநூறு என்று கணக்கு ஏறியது. அதைப் பார்க்கப் பொறுமையில்லாமல் மலைச்சாமியின் நம்பருக்கு அடித்தாள். பாண்டிமீனாவின் விண்ணப்பத்தில் அப்பா பெயர் அப்படித்தான் இருந்தது.

இந்தத் தடவை எடுத்தார். பின்னால் பஸ் இரைகிற சத்தம், கண்டக்டர் விசில்.

"அண்ணே, ஹால் டிக்கெட் வந்துருச்சுண்ணே. பரீட்சை வண்டியூர்ல. நீங்க எங்க இருக்கீக?"

"ஊருக்குப் போறோம்மா."

"ஊருக்கா?"

"சிம்மக்கல் பள்ளிக்கூடத்துல போயிப் பாத்தோம். கேட்டுப் பூட்டிக் கெடக்கு. வாச்மேன், இன்னைக்கு இங்க பரீட்சையே இல்லைங்கிறாரு. நீங்க ஒண்ணு சொல்றீக, அவரு ஒண்ணு சொல்றாரு. எங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா. வெயில்ல அலைஞ்சு பிள்ளை மூஞ்சியே வாடிப்போச்சு. அரப்பாளையத்துல பஸ் ஏறிட்டோம்."

"இறங்குங்கண்ணே. தயவுசெஞ்சு இறங்குங்க. இன்னும் நேரம் இருக்கு."

"எங்கிட்டு இறங்க? எப்படிப் போக? வண்டியூரு எந்த மூலையில கெடக்கு, நாங்க எந்த மூலையில இருக்கோம்?"

அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். அதற்குப் பின்னால் அந்தப் பிள்ளை ஏதோ சொல்வதும், "சும்மா இரு ஆத்தா" என்று அவர் அதட்டுவதும் கேட்டது.

"பஸ் இப்ப எங்கண்ணே போகுது?"

"கோச்சடை வரப்போகுது."

பெர்சி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அண்ணே, எங்க ஆபீஸே கோச்சடையிலதான் இருக்கு. ஸ்டாப்புல இறங்கி நில்லுங்க. எங்க முதலாளி கார் எடுத்துக்கிட்டு வந்து உங்களை ஏத்திக்கிருவாரு. பேரு முத்துக்குமரன். இது என் தப்புண்ணே. பாண்டிமீனா தப்பு இல்ல, உங்க தப்பும் இல்ல. என் தப்பு. இறங்குங்க."

கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. "பாக்கியமேரி கூட வந்தவங்க?" சக்கர நாற்காலியில் அம்மா. வலது கண்ணில் கட்டு. பெர்சி கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனில், "அண்ணே? லைன்ல இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

நெடுநேரம் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் விசில். அப்புறம், "இறங்கிட்டோம்" என்றார் மலைச்சாமி.

முத்துக்குமரனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர், "நானா?" என்றார். "வேற யாருண்ணே?" என்றாள் பெர்சி. சாவி கலகலக்கிற சத்தம் கேட்டது.

அம்மா ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரடி அந்தப் பிள்ளை?" என்று கேட்டார். பெர்சி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். சொல்லி முடித்து, "கேட்டைச் சாத்துறதுக்குள்ள நான் அங்க போகணும்மா. ஆனா உங்களை எப்படி..." என்று இழுத்தாள்.

"என்னை எப்படியும் ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுத்தான் விடுவாங்களாம். நான் எங்கயும் ஓடிற மாட்டேன். இன்னொரு கண்ணு சும்மாத்தான இருக்கு, பாத்துக்கிறேன். கிளம்பு." பெர்சி இரண்டு எட்டு வைத்ததும் பின்னாலிருந்து, "அந்தப் பொட்டிய வச்சுட்டுப் போ, தூக்கிக்கிட்டு ஓடாத" என்று குரல் வந்தது. லேப்டாப்பை அம்மா மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

ஆட்டோ தெப்பக்குளத்தைச் சுற்றித் திரும்பும்போதே மணியடித்துவிட்டார்கள். பள்ளிக்கூட கேட்டில் ஒரு பாதி சாத்தியிருந்தது. சிம்மக்கல் போய்விட்டு வந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடினார்கள். தேர்வு மையப் பொறுப்பாளர் எஸ்தர் டீச்சர் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாவி.

பெர்சி தான் யார் என்று சொன்னாள். நடந்ததையும் சொன்னாள். இன்னும் ஒரு பிள்ளை வழியில் வந்துகொண்டிருக்கிறாள் என்றாள்.

"அரை மணி நேரம் வரைக்கும் உள்ள விடலாம்" என்றார் எஸ்தர். "அதுக்கு மேல ஒரு பிள்ளைய விட்டாலும் கேள்வித்தாள் வெளிய போச்சுன்னு பேச்சு வரும், அப்புறம் உள்ள எழுதுற எல்லாப் பிள்ளைக்கும் சிக்கல். ஆனா லேட்டுக்குக் காரணம் நான் ரெக்கார்டுல போடணும். பஸ் கிடைக்கலன்னு போட்டா அது அந்தப் பிள்ளை மேல போய் நிக்கும்."

"எங்க கம்பெனி தப்புன்னு போடுங்க மேடம்."

"நான் எப்படிப் போடுறது? நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பெர்சி எழுதினாள். சர்வரில் கோளாறு, டிக்கெட் தாமதமானதற்கும் மையம் மாறியது தெரியாமல் போனதற்கும் தங்கள் நிறுவனமே பொறுப்பு, மாணவிகள் மேல் எந்தத் தவறும் இல்லை. எழுதும்போதே இது முத்துக்குமரனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்தது. அடுத்த வருஷம் இந்த வேலை வேறு கம்பெனிக்குப் போகலாம். தன் வேலையே போகலாம். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அதற்கப்புறம் நிற்பதைத் தவிர வேலை இல்லை. ரோட்டுக்கும் கேட்டுக்குமாக நடந்தாள். முத்துக்குமரனுக்கு அடித்தாள். ஆற்றோர ரோட்டில் வந்துகொண்டிருக்கிறாராம், பாலத்துக்குக் கீழே ஏதோ ஊர்வலம், நகரவில்லையாம். "நீ போன் போட்டுக்கிட்டே இருந்தா நான் எப்படி ஓட்டுறது?" என்று சத்தம் போட்டார். எஸ்தர் டீச்சர் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெர்சிக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. குளத்துப் பக்கத்திலிருந்து வந்த காற்று அனலாக அடித்தது. ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் கேட்டு நிழலில் ஒதுங்கி நின்று, "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். பெர்சி ரோட்டைக் காட்டிவிட்டு மறுபடி நடந்தாள்.

எஸ்தர் சாவியைக் கையில் மாற்றிப் பிடித்தபோது, முத்துக்குமரனின் வெள்ளைக் கார் தப்பான பக்கத்திலிருந்து ஏறி வந்து நின்றது. முழுசாக நிற்பதற்குள் பின்கதவு திறந்தது. ஊதாச் சுடிதார், ரெட்டைச் சடை. வண்டியிலிருந்து குதித்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று கிடந்தது, அதை எடுக்கக்கூட இல்லை.

"பாண்டிமீனாவா?"

"ஆமாக்கா. அக்கா, பேனாப் பையை பஸ்லயே விட்டுட்டேன்."

பெர்சி தன் பேனாவைக் கொடுத்தாள். எஸ்தர் ஆதார் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓடாத, நடந்து போ, மூச்சு வாங்குனா கை ஓடாது" என்று சொல்லி உள்ளே அனுப்பினார். அந்தப் பிள்ளை ஒரு செருப்போடு நடந்து போவதை காரிலிருந்து இறங்கிய இரண்டு பேரும் பெர்சியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எஸ்தர் கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டார்.

மலைச்சாமி ரோட்டில் கிடந்த செருப்பை எடுத்துத் தூசி தட்டி இடுக்கிக்கொண்டார். ஒல்லியான ஆள், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெர்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்த அஞ்சு நிமிசம்?"

அவளால் சிரிக்க முடியவில்லை. "ஆமாண்ணே" என்றாள்.

"இங்கன டீக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் காட்டிய பக்கம் நடந்தார். மன்னித்தாரா இல்லையா என்று அந்த முதுகைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

முத்துக்குமரன் கார் மேல் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்துட்டேன்ணே" என்றாள். "நம்ம தப்புன்னு."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா கொஞ்சம் பொறுன்னு சொல்லிருப்பீங்க."

"சொல்லிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார். "அந்தாளு வழி முழுக்க என்கூடப் பேசவே இல்ல, தெரியுமா? அந்தப் பிள்ளைதான் பேசிக்கிட்டே வந்துச்சு. அவங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்த நர்ஸ் பேரைச் சொல்லி, அது மாதிரி ஆகணும்னு." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "திங்கக்கிழமை ஆபீஸ்ல பேசிக்குவோம்."

அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவள் கேட்கவில்லை.

கிளம்புமுன் கேட்டுக் கம்பி வழியாகவே எஸ்தர் டீச்சரிடம், உள்ளே எத்தனை இடம் காலி என்று கேட்டாள். எப்போதும் கொஞ்சம் பேர் வராமல் போவதுதான், ஆனால் இன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம் என்றார் அவர். "அவங்களுக்கு இன்னொரு தேதி வைக்கச் சொல்லி டிரஸ்டுக்கு நானும் எழுதுறேன். ஆனா வராதவங்க டிக்கெட் கிடைக்காம வரலையா, வேற எதுக்கோ வரலையான்னு யாராவது கேட்டுச் சொல்லணும்ல?"

பெர்சி ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அம்மா கறுப்புக் கண்ணாடி மாட்டி, லேப்டாப்பை மடியில் அணைத்தபடி, பக்கத்து நாற்காலிக்காரியிடம் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், "ரெண்டு மணி நேரம் எப்பவோ முடிஞ்சு போச்சு. பசிக்குது" என்றார். அப்புறம், "பிள்ளை எழுதுதா?" என்றார்.

"எழுதுதும்மா."

ஆட்டோவில் அம்மா கண்ணாடிக்குள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பெர்சி லேப்டாப்பைத் திறந்தாள். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூவாயிரம் பேரில் டிக்கெட்டைக் கடைசிவரை இறக்காதவர்களின் நம்பர்களைப் பிரித்தெடுத்தாள். திரை நிறைந்து கீழேயும் போனது. இவர்களில் எத்தனை பேர் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருப்பார்கள்? எத்தனை பேர் இன்னும் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கடையில் நிற்கிறார்களோ?

முதல் நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது, அணைத்து வைத்திருந்தது. மூன்றாவது மணி போனது. ஆட்டோ சிக்னலில் நின்றது. முன்னால் நின்ற லாரி புகையை முகத்தில் தள்ளியது, அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"ஹலோ" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். அழுது முடித்த குரல் அது.

"ஹலோ, நான் பெர்சி பேசுறேன்ம்மா" என்றாள். "காலையில ஹால் டிக்கெட் வரலைல்ல, அது எங்க தப்பு. வச்சுறாத. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."